கேலக்ஸிக்கு வந்த முகப்பரு

ஆண்பிள்ளைக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் திடீரென்று அறிவு வளர ஆரம்பித்தால், அந்த வீட்டில் முதலில் பறிபோவது ஒரு அறை. ஒருத்தர் மீன் வளர்க்கிறேன் என்று கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து இறக்குவார். இன்னொருத்தர் பழைய ரேடியோவையெல்லாம் வாங்கிப் பிரித்துப் போடுவார், திரும்பச் சேர்க்கத் தெரியாது. நம்ம ஸ்டூடியோக்காரருக்கு வானம் பிடித்தது. சனி ஒருத்தரைப் பிடித்தால் ஏழரை வருஷத்தில் விட்டுவிடும். இவர் போய் சனியைப் பிடித்துக்கொண்டார், விடுகிற வழியாக இல்லை.

ஸ்டூடியோ என்றதும் சினிமா, நடிகை என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. பாஸ்போர்ட் படம், வேலைக்கு விண்ணப்பிக்கிற படம், கல்யாணப் படம். அவர் படம் எடுப்பதில் சூரர் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அழிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பரு, மச்சம், அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், எதுவாயிருந்தாலும் கம்ப்யூட்டரில் ஒரு தேய்ப்பு, போயே போச்சு. எந்த மூஞ்சி உள்ளே போனாலும் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வெளியே வரும். ஒரு தடவை ஒரு காவல்காரரின் அடையாள அட்டைப் படத்தில் தாடையிலிருந்த மச்சத்தையே அழித்துவிட்டார். அந்த மனுஷனை அவர் காவல் காக்கிற கட்டடத்துக்குள்ளேயே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இருபது வருஷமாக இதே வேலை. புள்ளி என்று ஒன்றைக் கண்டால் போதும், அவர் விரல் அவரைக் கேட்காமலே போய் அழித்துவிட்டு வந்துவிடும்.

அவர் மனைவி தையல்காரி. கை சுத்தமான வேலை. ஹாலில் ஃப்ரிட்ஜுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே மிஷின் போட்டு, யாராவது தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தால் முதுகை வளைத்து வழிவிட்டு, அப்படியே பாதித் தெருவுக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு பள்ளிக்கூடம் மொத்தச் சீருடையையும் அவளிடமே கொடுக்கிறோம் என்று சொல்லியிருந்தது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குத் துணி வெட்ட ஒரு பெரிய மேஜை வேண்டும், இன்னொரு மிஷின் வேண்டும், இரண்டையும் போட ஒரு இடம் வேண்டும். இடம் இருந்தது. மொட்டைமாடியில் காற்றும் வெளிச்சமுமாக, கூரையைத் தள்ளித் திறக்கிற மாதிரி ஒரு அறை. அதில்தான் ஐயாவின் தொலைநோக்கி மூன்று காலையும் அகட்டி நின்றுகொண்டிருந்தது. அவள் அதைக் குழாய் என்பாள். அவருக்குச் சுரீர் என்று கோபம் வரும்.

ஒரு நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் ஒரு பழைய போர்வையைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் கிளினிக் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கடைவாய்ப் பல் உண்டு. உள்ளே விளக்கு எரியும். அந்த வெளிச்சம் வானத்தைக் கெடுக்கிறது என்று ஸ்டூடியோக்காரர் சுவர் ஏறிக் குதித்து அந்தப் பல்லுக்குப் போர்வை போர்த்திவிட்டு வந்திருந்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்த நோயாளிகள் பல்லைக் காணாமல் அடுத்த தெரு டாக்டரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டுவிட்டார்கள். இதுதான் வழக்கு.

டாக்டர் நியாயமாகத்தான் பேசினார். உங்களுக்கு நட்சத்திரம் எப்படியோ எனக்குப் பல் அப்படி, என்றார். மனைவி அவருக்கு நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, போர்வையை வாங்கி மடித்து வைத்தாள். மடித்த கையோடு, அந்த மேல் ரூம் காலியானால் டாக்டருக்கும் நிம்மதி, எனக்கும் தொழில், என்று ஒரு வார்த்தையைப் போட்டாள். மெதுவாகத்தான் போட்டாள்.

ஸ்டூடியோக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அவர் எழுந்து நின்றாலே ஏதோ பெரிய பேச்சு வரப்போகிறது என்று அர்த்தம். தைக்கிறதுக்கு மூலை முடுக்கு போதும் என்றார். அறிவியலுக்கு ஆகாயம் வேண்டும் என்றார். எங்கோ ஒரு ஊரில் ஒரு தபால்காரர் வீட்டு மாடியில் இருந்தபடியே சூப்பர்நோவா கண்டுபிடித்துவிட்டார், பேப்பரில் போட்டோவோடு வந்திருக்கிறது என்றார். சூப்பர்நோவா என்றால் என்ன என்று டாக்டர் கேட்டுத் தொலைத்தார். பிறகு கேட்கவா வேண்டும்? ஆயுசு முடிந்த ஒரு பெரிய நட்சத்திரம் வெடிக்கும், வெடித்தால் அது குடியிருக்கிற கேலக்ஸி என்கிற நட்சத்திரக் கூட்டம் முழுவதற்கும் போட்டியாக வெளிச்சம் போடும், நேற்றுவரை ஒன்றுமில்லாத இடத்தில் இன்றைக்குப் பளிச்சென்று ஒரு புள்ளி தெரியும், சில வாரத்தில் மங்கிவிடும், அதை முதலில் பார்க்கிறவன் பெயர் உலகத்துக்கே தெரிந்துவிடும் என்று தேநீர் ஆறும்வரை விளக்கினார்.

விளக்கிவிட்டு வாயை மூடியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

“கேட்டுக்கங்க டாக்டர், நீங்கதான் சாட்சி. இந்த வீட்ல யார் ஒரு சூப்பர்நோவாவைக் கண்டுபிடிக்கிறாங்களோ, மேல் ரூம் அவங்களுக்கு. அதுவரைக்கும் அந்த ரூமைப் பத்தி யாரும் மூச்சு விடக்கூடாது.”

“யார் கண்டுபிடிச்சாலுமா?” என்று கேட்டாள் மனைவி.

“யார் கண்டுபிடிச்சாலும்.”

இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருத்திக்குக் கேலக்ஸிக்கும் கத்தரிக்கோலுக்கும் வித்தியாசம் தெரியாது என்பது அவருடைய கணக்கு. டாக்டர் சரி என்று தலையாட்டிவிட்டு, போர்வையை மட்டும் இனிமேல் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்து வேட்டை தொடங்கியது. வேட்டை என்பதெல்லாம் அவர் வார்த்தை. உண்மையில் அவர் செய்ததெல்லாம், இருட்டினதும் மாடிக்குப் போய்த் தொலைநோக்கியை ஒரு கேலக்ஸியைப் பார்த்துத் திருப்பி, கேமராவை மாட்டி, பொத்தானை அமுக்கிவிட்டு, கீழே வந்து சாப்பிட்டுத் தூங்கினதுதான். அது பாட்டுக்குக் கேலக்ஸியின் பின்னாலேயே மெல்லத் திரும்பிப் படம் எடுத்துக்கொண்டிருக்கும். நூற்றுக்கணக்கான படம். காலையில் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கிக் கொடுக்கும். தோட்டத்தில் வலையைக் கட்டிவிட்டுத் தூங்குகிறவனை யாராவது வேட்டைக்காரன் என்பார்களா?

அதுவும் ஒரே கேலக்ஸி. எந்தக் கேலக்ஸியில் எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் தினமும் ஐம்பது அறுபதைப் பார், என்று சங்கத்துத் தலைவர் படித்துப் படித்துச் சொன்னார். வானம் பார்ப்போர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. விரல்விட்டு எண்ணிவிடலாம். தலைவர் ஓய்வுபெற்ற ரயில் கார்டு. செயலாளர் நம்ம ஆள். தலைவர் பேச்சைச் செயலாளர் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. இவருக்கு ஒரு கேலக்ஸியைத்தான் பிடித்திருந்தது. உச்சந்தலைச் சுழி மாதிரி அழகாகச் சுருண்டு, லேசாகத் தலையைச் சாய்த்து, போட்டோவுக்கு உட்கார்ந்த கல்யாணப் பெண் மாதிரி இருந்ததாம். இதில் வெடிக்காமல் வேறு எதில் வெடிக்கும் என்றார். நட்சத்திரம் என்ன, இவர் ஸ்டூடியோவில் வந்து நல்ல வெளிச்சம் பார்த்து உட்காரவா போகிறது?

இந்த வேட்டையில் மனைவிக்கும் ஒரு வேலை உண்டு. சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்னால் மாடிக்குப் போய், ரப்பர் ஊதுகுழலால் கேமராக் கண்ணாடியின் தூசியை ஊதி, மெல்லிய துணியால் துடைத்து வைக்க வேண்டும். அவர் செய்யக்கூடாதா என்றால், அவருக்கு இடுப்புவலி. சுவர் ஏறிக் குதித்தபோது வராத இடுப்புவலி. உன் விரல்தான் மெத்தென்று இருக்கிறது என்று ஒரு புகழ்ச்சியையும் சேர்த்துக்கொண்டார். அவளும் துடைத்தாள். நல்ல வெள்ளைத் துணியில் எண்ணெய்க் கறை படாமல் தைக்கிற கை, கண்ணாடியைத் துடைப்பதா பெரிய காரியம்?

ஒரு காலை. அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் மவுஸுமாகப் படத்தைத் திறந்தார். திறந்ததும் ரொட்டியைக் கீழே வைத்தார். கேலக்ஸியின் சுழிக்குக் கொஞ்சம் தள்ளி, கன்னம் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி.

“இங்க வா. இது என்ன?”

அவள் ஊசியை வாயில் கவ்வியபடியே வந்து பார்த்தாள். “புள்ளிங்க.”

“புள்ளின்னு தெரியுது. ஏன் இருக்கு? நேத்து நீ ஒழுங்காத் துடைக்கலை.”

துடைத்தேன் என்றாள். துடைத்திருந்தால் இது ஏன் வருகிறது என்றார். அது எனக்கெப்படித் தெரியும், வானத்தில் இருக்கிறதோ என்னமோ என்றாள். வானத்தில் இருக்கிறதெல்லாம் எனக்குத் தெரியும், இது உன் துணியிலிருந்து ஒட்டின பிசிறு என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரல் போய்விட்டது. ஒரு தேய்ப்பு. புள்ளி காலி. கேலக்ஸி மறுபடியும் மூஞ்சி கழுவின கல்யாணப் பெண். அவர் ரொட்டியை எடுத்துக் கடித்தார்.

எந்தப் புள்ளிக்காக இந்த மனுஷன் மாடியைப் பிடித்து வைத்திருந்தாரோ, பல்லுக்குப் போர்வை போர்த்தினாரோ, பல் டாக்டர் முன்னால் சவால் விட்டாரோ, அந்தப் புள்ளியை ரொட்டி தின்கிற இடைவெளியில் அழித்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவனையாவது மன்னிக்கலாம். இவர் வெண்ணெயை அழுக்கென்று வழித்துப் போட்டுவிட்டு நெய்க்கு அலைந்தார்.

மறுநாளும் அதே இடத்தில் புள்ளி. கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. மறுநாளும் திட்டு, மறுநாளும் தேய்ப்பு. அன்றைக்கு அவள் துடைத்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டு மிஷினுக்குத் திரும்பிவிட்டாள். மேலே பேசாமல் போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டாள் என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிற ஜாதி புருஷன்மார்கள். ஆனால் சாயங்காலம் அவள் இரண்டு தடவை துடைத்தாள். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். போதாததற்கு, கேமராவை அதன் கழுத்தில் கொஞ்சம் திருகிச் சாய்த்து வைத்துவிட்டுக் கீழே வந்தாள். அதை அவர் கவனிக்கவில்லை. கண்டுபிடிப்பாளர்கள் எதைத்தான் கவனித்தார்கள்?

மூன்றாம் நாள் படம் சாய்ந்து வந்தது. கேலக்ஸி சாய்ந்திருந்தது. அதன் கூடவே, அது சாய்ந்த அளவுக்குத் துல்லியமாகப் புள்ளியும் சாய்ந்திருந்தது. அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அன்றைக்குப் பார்த்து, கோட்டில் அறுந்த பொத்தானைத் தைத்து வாங்க டாக்டர் வந்து உட்கார்ந்திருந்தார். வெளியாள் ஒருத்தர் இருந்தால் இவர் குரல் இன்னும் கொஞ்சம் உயரும்.

மனைவி டாக்டரின் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, பொத்தானுக்கு நூல் கோத்தபடியே, சாவதானமாகப் பேசினாள்.

“இஸ்திரிப் பெட்டியில கறை இருந்தா எல்லாத் துணியிலயும் ஒரே இடத்துல ஒட்டும். கறை துணியில இருந்தா துணி போற பக்கமெல்லாம் போகும். இது கேலக்ஸி கூடவே போகுதேங்க.”

“வாய்க்கு வந்ததைப் பேசாதே. இது அழுக்கு.”

“நிச்சயமா அழுக்குதானே?”

“அழுக்கு. அழுக்கு. உன் கை அழுக்கு.”

“அப்ப இந்தப் புள்ளிக்கும் உங்களுக்கும் ஒண்ணும் சம்பந்தமில்லை.”

“இருபது வருஷமாப் படம் எடுக்கிறவன் நான். இந்தக் கண்றாவிக்கும் எனக்கும் என்னடி சம்பந்தம்? டாக்டர், நீங்களே சொல்லுங்க, யார் துடைச்சதோ அவங்க புள்ளி.”

டாக்டர் பாவம், தன் கோட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவர். யார் துடைத்ததோ அவர்கள் புள்ளி என்று அவரும் சொல்லிவைத்தார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அழிக்காத படமெல்லாம் கம்ப்யூட்டரில் சும்மாதானே கிடக்கிறது, அதை நான் என் போனில் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாராளமாக எடுத்துக்கொள், உன் துடைப்பு லட்சணத்தைத் தினமும் பார்த்துத் திருந்து, வேண்டுமென்றால் சட்டம் போட்டு மாட்டிக்கொள், அந்தப் புள்ளியை உனக்கே சீதனமாகக் கொடுத்தேன் என்றார். டாக்டரும் மரியாதைக்குச் சிரித்தார். அவளும் சிரித்தாள். மூன்று பேரில் காரணத்தோடு சிரித்தது ஒருத்திதான்.

அதற்கப்புறம் அவர் தன் படத்தைப் பெரிதாக அச்சிட்டார். புள்ளி இல்லாத படம், மாசு மருவற்ற கேலக்ஸி. கீழே எடுத்த தேதியையும் தன் பெயரையும் கொட்டை எழுத்தில் போட்டார். ஒன்றைச் சங்கத்துச் சுவரில் மாட்டக் கொடுத்தார், ஒன்றை வீட்டு ஹாலில் மாட்டினார்.

அந்த வாரமே சங்கத் தலைவர் ஹாலுக்கு வந்தார். படம் பார்க்க இல்லை. ரயில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாளிலிருந்து அவர் இடுப்பு வளர்ந்துகொண்டே வந்தது, கால்சட்டையின் இடுப்பைப் பிரித்துவிட அடிக்கடி வருவார். ஸ்டூடியோக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிற நேரம், தலைவர் எதிரே ஓடிவந்தார். ஓடித்தான் வந்தார். முகம் சிவந்து, மூச்சு வாங்கி, “உங்க வீட்ல... உங்க வீட்ல...” என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, கொண்டுவந்த கால்சட்டையை மிஷின்மேலேயே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

இவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். சுவரில் தன் படம். புரிந்துவிட்டது. தலைவர் தன் படத்தைப் பார்த்து மெய்மறந்துவிட்டார் என்று புரிந்துவிட்டது. இந்த மனுஷனுக்கு எதுவுமே தப்பாகத்தான் புரியும், ஆனால் உடனே புரிந்துவிடும்.

“என்ன சொன்னார்?” என்று மனைவியைக் கேட்டார்.

“படத்தைப் பார்த்தாருங்க. பெரிய இடத்துக்கு அனுப்பிக் கேட்கணும்னார்.” அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

இரண்டு நாளில் தலைவரே தகவல் சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சங்கத்தின் சிறப்புக் கூட்டம், செயலாளர் வீட்டிலிருந்து ஒரு மாபெரும் சாதனை, குடும்பத்தோடு வரவும். ஸ்டூடியோக்காரர் இரண்டு நாளும் கடையில் வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினார். மனைவியிடம் புதுச் சட்டை தைக்கச் சொன்னார். கொஞ்சம் அகலமாகவே தை, பாராட்டினால் நெஞ்சு விரியும் என்றார். சத்தியமாகச் சொன்னார். அவளும் தைத்துக் கொடுத்தாள். நீயும் வரலாம், ஆனால் பின்வரிசையில் உட்கார், அங்கே பேசுவதெல்லாம் உனக்குப் புரியாது என்று பெரிய மனசு பண்ணினார்.

கூட்டம் ஒரு மளிகைக்கடைக்கு மேலே உள்ள நீள அறையில். வழக்கமாகக் காலியாகக் கிடக்கிற நாற்காலிகளெல்லாம் நிரம்பியிருந்தன. பல் டாக்டர்கூட வந்திருந்தார். ஒரு பத்திரிகைக்காரர் வேறு. சுவரில் இவர் படம். அதற்குப் பக்கத்தில் துணி போட்டு மூடி இன்னொரு படம்.

தலைவர் எழுந்தார். “ஒரு தூரத்து கேலக்ஸியில ஒரு நட்சத்திரம் வெடிச்சிருக்கு. அதை உலகத்துலயே முதல் முதலா நம்ம ஊர்லருந்து பார்த்திருக்காங்க. பெரிய ஆய்வுக்கூடத்துல அதை உறுதியும் பண்ணிட்டாங்க. கண்டுபிடிச்சது நம்ம செயலாளர் வீட்லதான்.”

அவர் மூச்சு வாங்க நிறுத்தினார். அந்த இடைவெளியில் ஸ்டூடியோக்காரர் எழுந்து மேடைக்கே வந்துவிட்டார். வெடித்தது எப்போது, எந்தக் கேலக்ஸியில், ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஆனால் தன் வீடு என்று சொன்ன பிறகு தன்னைத் தவிர யார் இருக்க முடியும்? நன்றி என்றார். இது எளிதில் வந்ததல்ல என்றார். தூக்கமில்லாத இரவுகள் என்றார், குறட்டை விட்டவர். ஒரு கலைஞனின் கண்ணுக்கு எந்தப் புள்ளியும் தப்பாது என்றார். என் மனைவியும் கண்ணாடியைத் துடைத்து ஏதோ அவளால் ஆன உதவி செய்தாள், கொஞ்சம் சுமாராகத்தான் துடைப்பாள், என்றார். கைதட்டினது பத்திரிகைக்காரர் ஒருத்தர்தான், அவருக்கு விஷயம் தெரியாது.

தலைவர் அவர் தோளைத் தொட்டார். “உட்காருங்க செயலாளர். நான் சொன்னது உங்க வீட்டம்மாவை.”

பக்கத்துப் படத்தின் துணியை விலக்கினார்கள். அதே கேலக்ஸி. அதே தேதி. கன்னத்தில் பளிச்சென்று அந்தப் புள்ளி. பக்கத்திலேயே செயலாளரின் படம், பெயரும் தேதியும் கொட்டை எழுத்தில், புள்ளி இருந்த இடம் வழுவழு என்று. அறையில் இருந்த எல்லாரும் ஒரு படத்தைப் பார்த்தார்கள், மறு படத்தைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

தலைவர் நடந்ததைச் சொன்னார். கால்சட்டை கொடுக்கப் போனேன், அந்தம்மா போனை நீட்டி, சார், இது நான் சரியாகத் துடைக்காததனால் வந்த அழுக்கா என்று கேட்டார்கள், வேறொன்றும் கேட்கவில்லை, வீட்டுக்கு ஓடிப்போய்ப் பழைய படத்தோடு வைத்துப் பார்த்தேன், என்றார். மனுஷன் பூமிக்கு வருவதற்கு முன்னாலேயே கிளம்பின வெளிச்சம், கோடிக்கணக்கான வருஷம் வழியில் எங்கேயும் நிற்காமல் வந்து, கடைசியில் நம்ம செயலாளர் வீட்டு மாடியில் இறங்கியிருக்கிறது, என்றார். அதை அவர் என்ன செய்தார் என்று தலைவர் சொல்லவில்லை. ரயில்வேக்காரர், நாகரிகம் தெரிந்தவர். சுவர்தான் சொல்லிக்கொண்டிருந்ததே.

ஸ்டூடியோக்காரர் சும்மா இருப்பாரா? தொலைநோக்கி என்னுடையது, கேமரா என்னுடையது, பொத்தானை அமுக்கினவன் நான், ஆகவே புள்ளியும் என்னுடையது என்று எழுந்தார். எழுந்தவரைப் பார்த்து, பின்வரிசையிலிருந்த மனைவி பல் டாக்டர் பக்கம் திரும்பினாள். டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து, எனக்கு வானியல் தெரியாது, ஆனால் அந்தப் புள்ளிக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று இவர் சொன்னதும், அதைச் சீதனமாகக் கொடுத்ததும் என் கண் முன்னால் நடந்தது, யார் துடைத்ததோ அவர்கள் புள்ளி என்று தீர்ப்பும் என் வாயால் சொல்லவைத்தார், என்றார். ஆயுசில் ஒரு தடவை ஒரு போர்வைக்குப் பழிவாங்கக் கிடைத்த சந்தர்ப்பத்தை எந்தப் பல் டாக்டர் விடுவார்? பத்திரிகைக்காரர் இப்போதுதான் விறுவிறுப்பாக எழுத ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஸ்டூடியோக்காரர் அவளுக்கு நாலடி முன்னால் நடந்தார். அகலமாகத் தைத்த சட்டை தொளதொளவென்று ஆடியது. கதவைத் திறந்து உள்ளே போனதும்தான் வாய் வந்தது.

“நீ முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“சொன்னேனேங்க. ரெண்டு நாள் துடைச்சேன்னு சொன்னேன், மூணாம் நாள் அது கேலக்ஸி கூடவே போகுதுன்னும் சொன்னேன்.”

அவர் அந்தச் சட்டையைக் கழற்றி நாற்காலிமேல் போட்டார். பெயர் போனதைவிட, ரூம் போய்விடுமே என்றுதான் அவருக்கு அதிகம் வலித்தது. அந்த மாடியில் அந்தக் குழாயைத் தவிர (இப்போது அவருக்கே அது குழாயாகிவிட்டது) அவருக்கு வேறு என்ன இருந்தது? கடையில் நாள் முழுக்க அடுத்தவர் மூஞ்சி. மாடியில்தான் அவர் ஒரு ஆள்.

அவள் மறுநாள் காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டாள். மத்தியானத்துக்குள் மேஜை மாடிக்கு ஏறியது, மிஷின் ஏறியது. தூக்கினது யார் என்று கேட்க வேண்டியதில்லை. இடுப்புவலி என்று சொல்ல அவருக்கு அன்றைக்கு முகமில்லை. மூலையில் தொலைநோக்கி மட்டும் அப்படியே நின்றது. அதை அவள் தள்ளவில்லை, தொடக்கூட இல்லை. பார்த்ததும் அவருக்குக் கண் லேசாகக் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் நல்லவள், மனசு பெரிசு, நாம்தான் அவசரப்பட்டுவிட்டோம் என்று நினைத்தார்.

நினைத்துக்கொண்டே மெல்லக் கிட்டே போய்க் குழைந்தார். சவால் சவால்தான், ரூம் உன்னுடையதுதான், அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று ஆரம்பித்தார்.

“பகல் பூரா நீ தைச்சுக்க. நான் இந்தப் பக்கமே தலைகாட்டலை. இருட்டினப்புறம் ரூம் சும்மாதானே கிடக்கும், அப்ப நான் வந்து...”

“இருட்டினப்புறம் எனக்கு வேலை இருக்குங்க.” அவள் மிஷினுக்கு எண்ணெய் விட்டபடியே சொன்னாள். “புள்ளி மங்கிப்போற வரைக்கும் தினமும் நான்தான் படம் எடுத்து அனுப்பணுமாம். கண்டுபிடிச்சவங்க செய்ய வேண்டிய கடமைன்னு தலைவர் சொல்லிட்டார். அது முடிஞ்சதும் மத்த கேலக்ஸியையும் ஒவ்வொண்ணாப் பார்க்கச் சொல்லியிருக்கார். அம்பது அறுபது இருக்காமே.”

“அப்ப நான் எப்பத்தான் பார்க்கிறது?”

அவள் எண்ணெய்க் குப்பியை மூடிக் கீழே வைத்தாள். பிறகு புருஷனிடம் இரக்கத்தோடு சொன்னாள்.

“வானம் மேகம் மூடியிருக்கிற ராத்திரியெல்லாம் நீங்க எடுத்துக்கங்க. நான் குறுக்கே வரமாட்டேன்.”